கேமராவுக்குள் ஆண்ட்ராய்டு: யாருக்குத் தேவை, எத்தனை வருஷம் ஓடும்?

வேலூர் சிசிடிவி கடைகளில் இப்போது காதில் விழும் பேச்சு, "அண்ணா, இது ஆண்ட்ராய்டு கேமரா, போன் மாதிரி எல்லாமே பண்ணும்" என்பது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று நான்கு வேறு சரக்குகளைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். போனில் ஆப் போட்டுப் பார்க்கிற சாதாரண வைஃபை கேமராவுக்கும் அந்தப் பெயர்தான். ரெக்கார்டர் ஆண்ட்ராய்டில் ஓடினாலும் அந்தப் பெயர்தான், பழைய போனை ஜன்னலில் சாய்த்துவைத்துக் கேமராவாக்கினாலும் அதேதான். இங்கே பேசப்போவது, கேமராவுக்கு உள்ளேயே போனுக்கான இயங்குதளம் ஓடுகிற வகையைப் பற்றி. அது ஏன் வந்தது, வந்து என்ன ஆனது, சத்துவாச்சாரியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

முதலில் சாதாரண கேமராவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். விலை குறைந்த ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புவது) ஒன்றைத் திறந்தால் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப், பெரும்பாலும் 64 எம்பி ரேம், பக்கத்தில் 8 அல்லது 16 எம்பி ஃபிளாஷ். எம்பிதான், ஜிபி இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கல்யாண வீடியோ அந்த ஃபிளாஷில் அடங்காது. அவ்வளவு சின்ன இடத்தில் மெலிந்த ஒரு லினக்ஸ் (யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளம்) உட்கார்ந்துகொண்டு, சென்சாரிலிருந்து வரும் படத்தைச் சரிசெய்து, எச்.264 அல்லது எச்.265 ஆகச் சுருக்கி, நெட்வொர்க்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். இது பழைய ஏற்பாடு. ஸ்வீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் 1996ல் முதல் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 1999லேயே லினக்ஸைக் கேமராவுக்குள் வைத்தும் விட்டது. ஆண்ட்ராய்டுக்கும் அடியில் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான் என்பதால் இரண்டும் பங்காளிகள். ஆனால் ஆண்ட்ராய்டு வீட்டில் செலவு அதிகம்: ரேம் பொதுவாக ஒரு ஜிபியாவது வேண்டும், ஃபிளாஷ் பல ஜிபி வேண்டும், கரண்ட் போய் வந்தால் எழுந்து நிற்க நேரமும் வேண்டும். சின்ன லினக்ஸ் கேமரா சில நொடிகளில் படம் காட்ட ஆரம்பித்துவிடும், ஆண்ட்ராய்டு அரை நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும் எடுக்கும். கோடையில் ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போய் வருகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஏன் இந்த வேலை? முதல் காரணம் சிப். போன்களுக்காகப் பல கோடிக் கணக்கில் சிப் தயாராகிறது, அதில் படத்தைச் சரிசெய்யும் பகுதி, வீடியோவைச் சுருக்கும் பகுதி, ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் பகுதி எல்லாம் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. அதையே எடுத்துக் கேமராவில் வைத்தால் என்ன என்று யோசிப்பது இயல்புதானே. குவால்காம் 2018 ஏப்ரலில் கியூசிஎஸ்605, கியூசிஎஸ்603 என்று இரண்டு 10 நானோமீட்டர் சிப்புகளைக் கேமராக்களுக்கென்றே அறிவித்தது. போன் சிப்பின் வம்சம், அதனால் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் எல்லாம் ஆண்ட்ராய்டுக்கு முதலில் தயாராகிவிடும்.

இரண்டாவது காரணம் ஆப், உண்மையான ஆசை அங்கேதான் இருந்தது. வழக்கமான கேமராவில் தயாரித்த கம்பெனி என்ன கொடுத்ததோ அதோடு சரி. உங்கள் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் ஆள் நின்றால் மணியடிக்க வேண்டும் என்றால், அந்தக் கம்பெனி மனசு வைத்தால்தான் உண்டு. ஆக்சிஸ் 2009லேயே வெளியாட்கள் எழுதும் ஆப்களைத் தன் கேமராவில் ஓட்ட வழி செய்தது, ஆனால் அது ஆக்சிஸ் கேமராவுக்கு மட்டும். போன் உலகத்தில் எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் ஒரே ஆப் ஓடுகிறதே, கேமராவிலும் அப்படி ஏன் கூடாது என்று ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் கேட்டது. 2018ல் செக்யூரிட்டி அண்ட் சேஃப்டி திங்ஸ் என்று மியூனிக்கில் ஒரு துணை நிறுவனம் தொடங்கி, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்துக் கேமராவுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்து, அதற்கென்று ஓர் ஆப் கடையும் திறந்தார்கள். அதே வருஷம் பாஷ், ஹன்வா, மைல்ஸ்டோன், பெல்கோ, விவோடெக் சேர்ந்து ஒரு கூட்டமைப்பும் அமைத்தார்கள். தொழிலில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தது அப்போது பெரிய செய்தி. வண்டி நம்பர் படிக்கும் ஆப், தலை எண்ணும் ஆப், வரிசை நீளம் பார்க்கும் ஆப் என்று கடையில் சரக்கும் வந்தது. 2021ல் பெயரை அஸீனா என்று மாற்றினார்கள். தனி நிறுவனமாக அது நிலைக்கவில்லை.

இதற்கு முன்பே கூகுளும் கை வைத்துப் பார்த்ததுதான். போன் அல்லாத சாதனங்களுக்காக ஆண்ட்ராய்டு திங்ஸ் என்று 2016 டிசம்பரில் அறிவித்து, 2018 மே மாதம் முதல் முழுப் பதிப்பை விட்டது. அடுத்த வருஷம் பிப்ரவரியிலேயே இனி இது ஸ்பீக்கர், டிஸ்ப்ளே தயாரிக்கும் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று சுருக்கி, 2022 ஜனவரியில் கடையைச் சாத்திவிட்டது. முழுப் பதிப்பு வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. கேமராவைச் சுவரில் மாட்டுகிறவர் ஏழு, எட்டு, பத்து வருஷம் என்று கணக்குப் போடுகிறார். நான் இந்தக் கட்டுரையில் சொல்லவருவதே இந்த முரண்பாட்டைத்தான்: போன் இயங்குதளம் கேமராவுக்குத் திறமையைக் கொடுக்கிறது, கூடவே போனின் ஆயுளையும் கொடுத்துவிடுகிறது.

திறமை பக்கத்தை அலட்சியமாகவும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையில் நடந்த கொள்ளையை ஊர் மறந்திருக்காது. பின்பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே வந்த ஆள், சிங்க முகமூடி போட்டுக்கொண்டு, கேமராக்கள் மேல் ஸ்பிரே பெயிண்ட் அடித்துவிட்டு, சுமார் 15 கிலோ தங்கத்தோடு போய்விட்டான். பின்னால் போலீஸ் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகையைத் தோண்டி எடுத்தது. பெயிண்ட் விழும்வரை கேமரா அத்தனையையும் பதிவு செய்தது. ஆனால் காலையில் ஊழியர்கள் வந்து கடையைத் திறந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பூட்டிய கடைக்குள் ராத்திரி ஒரு மனிதன் நடக்கிறான், திடீரென்று லென்ஸ் இருட்டாகிறது, இந்த இரண்டையும் கேமராவே புரிந்துகொண்டு உரிமையாளரின் போனை அலற வைத்திருந்தால் கதை வேறு. "ஸ்மார்ட்" கேமரா என்று விற்கிறார்களே, அதன் அர்த்தம் மொத்தமும் இதுதான்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். லென்ஸை மறைத்தால் அலாரம் கொடுக்கும் வசதிக்கு ஆண்ட்ராய்டு தேவையே இல்லை, பல வருஷமாகச் சாதாரண கேமராவிலும், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியிலும் அது இருக்கிறது. செட்டிங்கில் ஆன் செய்யாமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். மனிதனா நாயா என்று பிரித்துச் சொல்வதும் இன்றைக்கு இரண்டு மூன்றாயிரம் ரூபாய் லினக்ஸ் கேமராவுக்குச் சாத்தியம், ஏனென்றால் சின்ன சிப்புகளுக்குள்ளும் ஏஐ கணக்குக்கென்று ஒரு பகுதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டின் அருமை தெரிவது கம்பெனி யோசிக்காத ஒன்றை நீங்கள் செய்ய நினைக்கும்போது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு தோல் தொழிற்சாலையில், ரசாயனப் பீப்பாய் இருக்கும் பகுதிக்குள் கையுறை போடாமல் யாராவது போனால் சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். அதற்கான ஆப்பை விஐடியில் படித்துவிட்டு வந்த இரண்டு பேர் தங்களுக்குத் தெரிந்த ஜாவா, கோட்லின் நிரல் மொழிகளிலேயே எழுதிவிட முடியும். லினக்ஸ் கேமராவாக இருந்தால் அந்தச் சிப் கம்பெனியின் கருவித் தொகுப்பைத் தேடிப் பிடித்து, அரைகுறை கையேட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும்.

கேமராவுக்குள்ளேயே கணக்குப் போடுவது எதற்கு, வீடியோவை கிளவுடுக்கு அனுப்பிவிட்டால் அங்கே பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். சிஎம்சி எதிரே காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ், 16 கேமரா என்று வைத்துக்கொள்வோம். 2 மெகாபிக்சல் படம், எச்.265ல் நொடிக்கு 2 மெகாபிட். ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. பதினாறுக்கும் சேர்த்து 345 ஜிபிக்கு மேல், ஒரு மாதம் வைக்க 10 டிபி தாண்டும். அதையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றுவதென்றால் 32 மெகாபிட் அப்லோடு இரவும் பகலும் நிற்காமல் வேண்டும், லாட்ஜில் தங்கியிருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள் ஊருக்கு வீடியோ கால் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். கேமராவே பார்த்து "மாடிப்படியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆள்" என்று ஒரு சின்ன செய்தியும் பத்து நொடி வீடியோவும் அனுப்பினால் போதும்.

பாதுகாப்பிலும் ஆண்ட்ராய்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. மலிவான லினக்ஸ் கேமராக்கள் பலவற்றில் எல்லா வேலையும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்தோடு, ஓடும். உள்ளே நுழைய ஒரு ஓட்டை கிடைத்தால் மொத்த கேமராவும் கையில். ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் ஆப்பும் தனித்தனிப் பயனராக, தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கும். 5.0 பதிப்பிலிருந்து, எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்ஈலினக்ஸ் முழுக் கண்டிப்போடு காவல் இருக்கிறது, யாராவது உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றியிருந்தால் பூட் ஆகும்போதே கண்டுபிடிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. தலை எண்ணும் ஆப்பில் ஓட்டை இருந்தாலும் அது பக்கத்து ஆப்பின் தகவலைத் தொடுவது கஷ்டம். 2016ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து அக்டோபர் 21 அன்று டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறும்படி செய்ததே, அது பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கம்பெனி வைத்த சுமார் 60 யூசர்நேம் பாஸ்வேர்டு ஜோடிகளை, தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் டெல்நெட் என்ற பழைய வழியாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, கதவு திறந்தது.

ஆனால் இந்தக் காவல் எல்லாம் அப்டேட் வரும்வரைதான். 2015ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை ஆண்ட்ராய்டின் வீடியோ கையாளும் பகுதியிலேயே வெளிப்பட்டது. அந்த ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிடுகிறது. அதில் வரும் திருத்தத்தைச் சிப் கம்பெனி எடுத்து, கேமரா கம்பெனி எடுத்து, சோதித்து, உங்கள் வாசலில் இருக்கும் கேமராவுக்கு அனுப்ப வேண்டும். போனிலேயே இது எப்படி இழுத்தடிக்கும் என்று நமக்குத் தெரியும். சிப் கம்பெனி நாலு வருஷத்தில் கைவிட்டால் கேமரா கம்பெனி நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தவிர ஆண்ட்ராய்டு தன் உள் அமைப்பைப் போன்களின் வேகத்தில் மாற்றிக்கொண்டே இருக்கும். ஏஐ ஆப்கள் சிப்பின் வேகத்தைப் பயன்படுத்த 2017ல் 8.1 பதிப்பில் ஒரு பொது வழி கொண்டுவந்தார்கள், 2024ல் 15ஆம் பதிப்பில் அதைக் கைவிடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். போனில் ஆப்பை மாற்றி எழுதிக்கொள்ளலாம். தொழிற்சாலைச் சுவரில் இருக்கும் கேமராவுக்கு எழுதியவர்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கூகுளின் சான்றிதழ் இல்லாமலே பெட்டி தயாரித்து விற்கலாம். அப்படி விற்ற மலிவு டிவி பெட்டிகள், புரொஜெக்டர்கள், டிஜிட்டல் போட்டோ பிரேம்கள் பலவற்றில் வைரஸ் ஏற்கெனவே உள்ளேயே வைக்கப்பட்டு வருகிறது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது, பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். அந்த எச்சரிக்கை கேமராவைப் பற்றியது இல்லை. ஆனால் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு சாதனம் ஒன்றைப் படுக்கையறை வாசலில் மாட்டுவதற்கு முன் யோசிக்க இது போதாதா?

பழைய போனைக் கேமராவாக்கும் விஷயத்துக்கு வருகிறேன், நிறையப் பேர் செய்துபார்ப்பது அதைத்தான். ஆப் இலவசம், போன் வீட்டில் சும்மா கிடக்கிறது, குழந்தை தூங்குவதை அடுப்படியிலிருந்து பார்க்கலாம். அந்த அளவுக்குச் சரி. ஆனால் போனின் இயங்குதளம் கையில் ஒரு ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் ஓடும் ஆப் கேமராவைத் தொட முடியாது. 12ல் கேமரா ஓடினால் மூலையில் பச்சைப் புள்ளி எரியும். உளவு பார்ப்பதைத் தடுக்கச் செய்த நல்ல காரியங்கள்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியதே ராத்திரி முழுக்க யாரும் தொடாமல் படம் எடுக்கும் பொருள். ஆப் முன்னால் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அறிவிப்புப் பட்டையில் தன்னைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும், நடுவில் போன் அதை மூடிவிட்டால் அவ்வளவுதான். இரவிலும் பிரச்சினை: சிசிடிவியில் பகலில் அகச்சிவப்பைத் தடுத்து இரவில் நகர்ந்துகொள்ளும் ஒரு வடிகட்டியும் அகச்சிவப்பு விளக்குகளும் இருக்கும், போனில் அந்த வடிகட்டி நிரந்தரமாக ஒட்டியிருக்கும், விளக்கும் இல்லை. இருட்டில் கருப்புதான் பதிவாகும்.

எல்லாவற்றுக்கும் மேல் வேலூர் வெயில். ஐபோனைப் பயன்படுத்தச் சூழல் வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. இங்கே மே மாதம் நிழலிலேயே 40ஐத் தாண்டும், தகர ஷீட்டுக்குக் கீழே எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். நாள் முழுக்கச் சார்ஜரில் 100 சதவீதத்தில் நிற்கும் லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் உப்பும். வயரில் கரண்ட் எடுத்து வெளியில் ஓடும் சிசிடிவி கேமராக்களில் அப்படிப்பட்ட பேட்டரி கிடையாது, பலவும் 60 டிகிரி வரை தாங்கும்படி தயாரிக்கப்படுபவை. பழைய போனை வாசலில் மாட்டாதீர்கள், வீட்டுக்குள்ளே வைத்தாலும் ஆள் இல்லாத வீட்டில் சார்ஜரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மற்ற போன் இயங்குதளங்கள் இதே பிரச்சினையை வேறு வழியில் அணுகின. ஆப்பிள் தன் இயங்குதளத்தை வெளியாருக்குக் கொடுப்பதில்லை, அதனால் 2019ல் கேமராவைச் சும்மா கண்ணாக மட்டும் விட்டுவிட்டு, படத்தில் இருப்பது ஆளா வண்டியா என்று பார்க்கும் வேலையை வீட்டில் இருக்கும் ஆப்பிள் டிவி பெட்டிக்கோ ஹோம்பாட் ஸ்பீக்கருக்கோ கொடுத்தது. ஹுவாவேயின் ஹார்மனி குடும்பத்தில் இன்னும் சுவாரசியம். அதன் திறந்த வடிவமான ஓப்பன்ஹார்மனியில் சாதனத்தின் அளவுக்கு ஏற்றபடி மூன்று தரம் இருக்கிறது, ஐபி கேமராவுக்கான 'சின்ன' தரத்துக்குக் குறைந்தபட்ச நினைவகம் 1 எம்பிதான். பெரிய இயங்குதளத்தைக் கேமராவுக்குள் திணிப்பதைவிடக் கேமராவின் அளவுக்கு இயங்குதளத்தைச் சுருக்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

நம் நாட்டில் இப்போது ஒரு பிடி வந்திருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் சிசிடிவிக்கான பாதுகாப்பு விதிகளை அரசிதழில் வெளியிட்டது, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. சோதனைக்கூடத்தில் தேறிப் பதிவு பெறாத மாடலை இங்கே தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்கக் கூடாது. உள்ளே இருக்கும் சோதனை முனைகள் மூடியிருக்க வேண்டும், ஒவ்வொரு கேமராவுக்கும் மறையாக்கச் சாவி தனித்தனியாக இருக்க வேண்டும், கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பமிட்ட அப்டேட் மட்டுமே ஏற வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது. லினக்ஸா ஆண்ட்ராய்டா என்று அது பார்ப்பதில்லை.

கடைக்குப் போனால், உள்ளே எந்த இயங்குதளம் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். இந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது, இன்னும் எத்தனை வருஷம் தருவதாகக் கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறது, கம்பெனியின் கிளவுட் நின்றுபோனால் உங்கள் என்விஆரில் (ஐபி கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி) ஆன்விஃப் என்ற எல்லாக் கம்பெனிக்குமான பொது நெறிமுறை வழியாகப் படம் தொடர்ந்து வருமா என்பது முதலில். பதில் சொல்லத் தெரியாத கடையில் ஆண்ட்ராய்டு கேமரா வாங்க வேண்டாம். மளிகைக் கடைக்கும் வீட்டுக்கும் ஆளைக் கண்டால் சொல்லும் சாதாரண லினக்ஸ் கேமரா போதும், மாட்டிய அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, லென்ஸ் மறைத்தால் அடிக்கும் அலாரத்தை ஆன் செய்துவிடுங்கள். தோல் தொழிற்சாலை மாதிரி சொந்த ஆப் உண்மையிலேயே தேவைப்படும் இடத்திலும் பதினாறு கேமராவையும் ஆண்ட்ராய்டாக வாங்க அவசியம் இல்லை. பீப்பாய் அறைக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று போட்டுவிட்டு, அந்த இரண்டையும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைத்து, மிச்சமாகும் பணத்தை நல்ல யுபிஎஸ்ஸுக்கும் சிசிடிவிக்கென்று வரும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போடலாம்.